முதல் தண்ணீர்

"என் ஓரகத்தியைக் கையும் களவுமாப் பிடிச்சுக் கொடுங்க சார்," என்றபடி துப்பறிவாளரின் எதிரே உட்கார்ந்தாள் அந்த இளம்பெண்.

அவளும் அவள் கணவனுடைய அண்ணன் மனைவியும் ஒரே தண்ணீர் ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையில் வேலை பார்ப்பவர்கள். பழைய குழாய்களால் ஒரு தெரு முழுக்கக் குடிநீரில் ஈயம் கலந்திருந்தது. குப்பைக்குப் போகும் நிலக்கடலைத் தோலைக் கரியாக்கிப் பொடித்து, அதன் வழியே தண்ணீரை விட்டால் ஈயம் கரியிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று கண்டவள் இளையவள்தான். நேற்று அதிகாரி முன்னால் சோதனை தோற்றுவிட்டது. மறுசோதனையும் தோற்றால் திட்டத்தையே கைகழுவிவிடுவார்கள். அந்தத் தெருப் பிள்ளைகள் ஈயத்தையே குடிக்க வேண்டியதுதான்.

"என் கையாலதான் கண்ணாடிக் குழாயில தூளைப் போட்டேன். முதல் தண்ணியே பளிங்கு மாதிரி இறங்குச்சு, எல்லாரும் அசந்துட்டாங்க. அளந்து பார்த்தா ஈயம் அப்படியே இருக்கு! அலமாரிச் சாவி அக்காகிட்டயும் இருக்கு. பொறாமை சார், வேறென்ன?"

"கேஸ் முடிஞ்சுது மாமா! அக்காக்காரிதான்!" என்று துள்ளினான் துப்பறிவாளரின் மைத்துனன். நாற்பது வயதாகியும் அவனுக்கு அவசரம் போகவில்லை.

"முதல்ல இடத்தைப் பார்ப்போம், வாங்க மாப்பிள்ளை."

ஆய்வுக்கூடத்தில் மூத்தவள் முகம் வாடி நின்றாள். "நேத்து நான் லீவு சார். என்ன நடந்துச்சுன்னு யாரும் சரியாச் சொல்லல."

மைத்துனன் சும்மா இருப்பானா? புதுத் தூளைக் குழாயில் கொட்டித் தண்ணீரை ஊற்றினான். அடியில் மை போலக் கறுப்பாக இறங்கி, அவனுடைய வெள்ளைச் சட்டையை நாசம் செய்தது.

"புதுத் தூள்னா முதல் தண்ணி கறுப்பாத்தான் வரும். நல்லாக் கழுவுன பிறகுதான் தெளியும்," என்றாள் மூத்தவள்.

துப்பறிவாளர் கதவைச் சாத்திவிட்டு இளையவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து முதல் தண்ணியே தெளிவா வந்துச்சுன்னு சொன்னீங்க. அப்போ குழாயில இருந்தது ஏற்கெனவே ஈயத்தைக் குடிச்சு வயிறு நிறைஞ்ச பழைய தூள். அதை உலர்த்தி வச்சிருக்காங்க. சாவி ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு, யார் வேணும்னாலும் மாத்தியிருக்கலாம். ஆனா இந்தத் தூளோடவே பழகுன நீங்க, தெளிஞ்ச தண்ணியைப் பார்த்ததும் பதறிப்போய் நிறுத்தியிருக்கணும். ஏன் நிறுத்தல?"

இளையவள் தன் அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "மாத்தினது நான்தான் சார். பழி அக்கா மேல விழட்டும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

"போன தடவை அதிகாரி 'பிரமாதம்'னு அக்கா கையைத்தான் குலுக்கினார். வீட்டுலயும் பெரியவ, இங்கயும் பெரியவ. என் பேரு வராத தண்ணி சுத்தமாகவே வேண்டாம்னு தோணுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே உன் பேரைச் சொல்லியிருப்பேனேடி."

"கேட்டு வாங்கணும்னா அது என் பேராக்கா?"

தெருவுக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும், விஷயம் இந்த அறையைத் தாண்ட வேண்டாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் இளையவள் புதுத் தூளைப் போட்டாள். கறுப்பாக வந்தது, பிறகு மெல்லத் தெளிந்தது. ஈயம் இல்லை. அதிகாரி பூரித்துப்போய் மூத்தவளிடம் கையை நீட்டினார்.

மூத்தவள் தன் ஓரகத்தியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினாள்.

இளையவள் குழாயைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.