அக்கா மூடிய வாய்

மதிய வெயிலில் ஏணியைத் தோளில் சுமந்தபடி அந்தப் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தாள் பெயிண்டர் அக்கா. கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைப்பவள்.

பலிபீடத்தின் பின்சுவர் முழுக்க ஒரு கடல் மிருகம் வாயைப் பிளந்து நின்றது. வேதத்தில் வரும் லிவியாதான். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு, ஆளுக்கொரு செதில் அதன்மேல் வரைவது அந்தச் சபையின் வழக்கம்.

அவள் தம்பி கடலுக்குப் போய் நாற்பது நாள். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

"செதில் வரைய அம்மா சம்மதிச்சுட்டாங்களா?" என்றார் பாதிரியார்.

"அம்மா பேசறதையே விட்டுட்டாங்க ஃபாதர். நானாத்தான் வந்தேன்."

"ஏணி பத்திரம். சொல்பேச்சு கேக்காததுல நீயும் உன் தம்பியும் ஒண்ணு." சிரிக்க முயன்று, முடியாமல், ஒரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பினார்.

செதில் பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துத் தம்பிக்கு உள்ளங்கையளவு பச்சை.

அவள் நிமிர்ந்து அந்த வாயைப் பார்த்தாள். சிவந்த ஈறு. அதற்குள் கன்னங்கரேலென்று இருட்டு.

"தின்னது போதும்டா உனக்கு," என்று பல்லைக் கடித்தாள். மிச்சப் பச்சையைக் குழைத்து, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஒன்றாக்கி, வாயை அடைத்தாள்.

சற்று நேரத்தில் எங்கோ சத்தம்.

டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

கூரையில் ஆசாரி போலிருக்கிறது என்று பிரஷ்ஷைக் கழுவப் போனாள். திரும்பியபோது ஈரப் பாசியின் வாடை குப்பென்று அடித்தது.

வாசலில் பாதிரியார் திகைத்து நின்றார்.

"வாயை ஏம்மா மூடினே?"

"இனி யாரையும் முழுங்கக் கூடாது."

"யோனாவை மறந்துட்டியா? மூணு நாள் வயித்துல வெச்சிருந்துட்டுக் கரையில கக்கிடுச்சே மீன். கடைசி நாள்ல கடல் தன்கிட்ட இருக்கற செத்தவங்களை ஒப்படைக்கும்னுதானே நம்பறோம்? முழுங்கறதுக்காக வரைஞ்ச வாய் இல்லம்மா அது. திருப்பித் தர்றதுக்காக வரைஞ்சது."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "கூரையில ஆசாரி..."

"இன்னிக்கு யாரும் வரலியே."

டக், டக்.

டக்.

சுவருக்குள்ளிருந்து.

நேரம் கழித்து வீடு திரும்பும் நாட்களில், அம்மா எழாமல் அக்கா மட்டும் வந்து கதவைத் திறக்கத் தம்பி தட்டும் தட்டு அது.

"இருடா... அக்கா திறக்கறேன்."

கத்தியால் சுரண்டினாள். நகம் பெயர்ந்தது. தட்டல் தேய்ந்துகொண்டே போனது. கடைசிப் பச்சைப் பொருக்கு கையோடு வந்தபோது, அதன் உள்பக்கத்தில் ஐந்து கீறல்கள். விரல் இழுத்த கீறல்கள்.

பின்னால் வெறும் சுவர். சில்லென்று, ஈரமாக. அப்புறம் சத்தமே இல்லை.

பாதிரியார் தேவாலயத்துச் சாவியை அவள் கையில் வைத்தார். "போய் அம்மா பக்கத்துல இரு. காலையில வந்து வாயைப் பழையபடி திறந்த மாதிரி வரைஞ்சுடு."

அவள் வெளியே வந்து பூட்டி, இழுத்துப் பார்த்து, வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் வந்து, பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள்.

தம்பியின் செதில் இருந்த இடத்தில் வெற்றுச் சுண்ணாம்பு. சுவரடியிலிருந்து வாசல்வரை ஈரக் காலடிகள். வெளியே போன தடம் இல்லை.

கதவின் உட்புறம் பச்சைப் பெயிண்டில் விரல்முட்டித் தடங்கள். அடுத்தடுத்து இரண்டு. சற்றுத் தள்ளி ஒன்று.

சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.