கையால் சொன்ன பெயர்

ஆர்த்தியின் வீட்டில் மூன்று நாளாக ஒரே வாக்குவாதம். புது வீட்டுக்கு டிஷ்ஷா, கேபிளா, ஃபைபரா?

"டிஷ் போதும்," என்றார் அப்பா பாண்டீஸ்வரன்.

"மழை வந்தா உங்க டிஷ் படுத்துரும்," என்றாள் அம்மா சித்ரா. "சீரியல்ல கல்யாணம் வர்ற அன்னைக்குத்தான் இங்க மழையும் வருது. ஒரு தாலி கட்டுறதைக்கூட நான் இதுவரை முழுசாப் பாத்ததில்ல."

"அப்ப கேபிள்?"

"ஒயரைக் குரங்கு இழுத்துரும்."

"ஃபைபர்ப்பா!" என்று குதித்தாள் ஆர்த்தி. "ஒரே ஒயர்ல டிவியும் வரும், நெட்டும் வரும். அதுக்குள்ள வெளிச்சம்தான் ஓடுமாம்."

"வெளிச்சத்தைக் குரங்கு இழுக்காதாக்கும்?" என்று சிரித்தார் அப்பா. பிறகு சற்று யோசித்தார். "சரி, ஃபைபரே இருக்கட்டும். அக்காவுக்கு நெட்டு வேணும்."

அக்கா என்று அவர் சொன்னது ராமுத்தாய் அத்தையை. அத்தைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. ஆனால் அத்தை பேசாத நேரமே கிடையாது. எல்லாம் கைச்சாடைதான். ஒவ்வொருவருக்கும் கையாலேயே ஒரு பெயர் வைத்திருந்தார். மீசையை முறுக்கினால் அப்பா. தலைக்குப் பின்னால் கொண்டை போட்டுக் காட்டினால் அம்மா. சூடம் காட்டுவதுபோல் கையை வட்டமாகச் சுற்றினால் ஆர்த்தி.

அத்தையின் மகன் வேல்முருகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது வீடியோவில் கூப்பிடுவான். தேயிலை எஸ்டேட் லயத்தில் அவர்கள் இருந்த வரிசை வீட்டில் ரேஞ்ச் கிடைக்காது. அத்தையும் ஆர்த்தியும் குடையை எடுத்துக்கொண்டு பாக்டரி வளைவு வரை ஏற வேண்டும். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன் என்றால் அத்தை எதைக் கொண்டு பேசுவார்? அதனால் குடையும் போனும் ஆர்த்தியிடம். இரண்டு கைகளும் அத்தைக்கு.

அங்கேயும் சில சமயம் படம் நின்றுபோகும். திரையில் வட்டம் சுற்றும். உடனே அத்தை தன் கையையும் அதேபோல் சுற்றிக் காட்டிச் சிரிப்பார். "பார், ஆர்த்தி வந்துட்டா!" என்று அதற்கு அர்த்தம்.

புது வீடு கேரளத்து மலையூரான ஏலப்பாறைக்குக் கீழே ஒரு சரிவில் எழும்பிக்கொண்டிருந்தது. ரோட்டை ஒட்டி மேலே கூடமும் இரண்டு அறைகளும். அதில் ஒன்று ஆர்த்திக்கு. எட்டுப் படி இறங்கினால் கீழே அடுக்களையும் அத்தையின் அறையும். கீழ்ச் சுவரெல்லாம் கனத்த கருங்கல்.

வயரிங் வேலை செய்ய ஜோமோன் வந்தார். பாடிக்கொண்டே வேலை செய்வார், மலையாளம் கலந்து தமிழ் பேசுவார். காதில் ஒரு சாக்பீஸைச் செருகியிருந்தார்.

"வட்டம் போட்டா லைட்டு. சதுரம் போட்டா பிளக்கு. முக்கோணம் போட்டா நெட்டு," என்று ஆர்த்திக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "சேட்டா, நெட்டு எங்கே?"

"கீழ, அக்கா ரூம்ல. டிவியும் அடுக்களைப் பக்கமே இருக்கட்டும். இந்தக் குளிருக்கு நாங்க எல்லாரும் அடுப்பைச் சுத்தித்தான் உக்காருவோம்."

"நல்லா நோக்கிச் சொல்லணும். பூச்சு கழிஞ்சா பின்னே சுவரை உடைக்கணும்," என்றபடி ஜோமோன் அத்தையின் அறைச் சுவரில் ஒரு முக்கோணம் போட்டார்.

ஆர்த்திக்கு முகம் வாடியது. நெட் பெட்டி பக்கத்தில் இருந்தால்தான் கார்ட்டூன் நிற்காமல் ஓடும் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். 'அத்தைக்கு எப்பவோ ஒரு தடவைதானே போன் வருது. எனக்குத் தினமும் வேணுமே' என்று நினைத்தாள்.

மாலையில் ஜோமோன் சாயா குடிக்கப் போனார். ஆர்த்தி கையைத் தண்ணீரில் நனைத்தாள். முக்கோணத்தைத் துடைத்தாள். மேலே ஓடிப்போய், தன் அறைச் சுவரில் அதேபோல் ஒன்றை வரைந்தாள்.

ஒரு நிமிட வேலை. மறுநாள் ஜோமோனின் உளி அவள் அறைச் சுவரைக் கொத்தியது. அடுத்த வாரம் பூச்சு முடிந்தது. அப்புறம் வெள்ளை பெயின்டும் அடித்தாயிற்று.

அப்பா பார்த்தபோது திகைத்துப் போனார். "என்ன ஜோமோனு, நெட்டு பாயிண்ட் இங்க இருக்கு? கீழல்ல சொன்னேன்?"

ஜோமோன் தலையைச் சொறிந்தார். "அப்படியா சேட்டா? நான் மாத்திப் போட்டேனோ? எனக்கே ஓர்மை இல்லையே, மறந்துபோச்சோ?"

ஆர்த்தி கதவுக்குப் பின்னால் நின்றாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் இன்னும் பின்னுக்கு நகர்ந்துகொண்டாள்.

"போகட்டும், புதுச் சுவரை உடைக்க வேண்டாம். டிவியைக் கூடத்துல வச்சுக்கலாம்," என்றார் அப்பா. "நெட்டு கீழ கிடைக்கும்ல?"

"பாறைக்கல்லு சுவரு. கிட்டும்னு தோணல," என்றார் ஜோமோன். அன்று முழுவதும் அவர் பாட்டுப் பாடாமலே வேலை செய்தார்.

புது வீட்டில் பால் காய்ச்சும் நாள் வந்தது. நெட்டு முந்தின நாள்தான் வந்திருந்தது; கீழே கிடைக்கிறதா என்று அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. அன்று காலை கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும். எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று வேல்முருகன் செய்தி அனுப்பியிருந்தான். தன் அம்மா அடுப்பு மூட்டுவதையும் பால் பொங்குவதையும் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதன்பின் கப்பல் கடலுக்குள் போய்விடும். இரண்டு மாதம் பேச முடியாது.

அத்தை புதுச் சேலை உடுத்தி, அடுக்களையில் முருகன் படத்தின் முன் விளக்கேற்றினார். அடுப்பு மூட்டிப் பால் பானையை வைத்தார். சுற்றிலும் உறவுக்காரர்கள். அத்தையின் உள்ளங்கையில் போன் இருந்தது. எட்டு மணிக்கு அது அதிர்ந்தது.

அத்தை முகம் முழுக்கச் சிரிப்போடு பட்டனைத் தொட்டார். வேல்முருகனின் முகம் ஒரு நொடி தெரிந்தது. அப்படியே நின்றது. வட்டம் சுற்றத் தொடங்கியது.

அத்தை போனை உயரத் தூக்கினார். ஜன்னல் பக்கம் நீட்டினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டத்துக்கு நடுவே அவர் ஆர்த்தியைத் தேடினார். அவள் கண்ணைப் பார்த்தார். போனைத் தொட்டுக் காட்டி, கையை வட்டமாகச் சுற்றினார்.

ஆர்த்தி.

ஆர்த்தி சட்டென்று பின்வாங்கினாள். அத்தைக்குத் தெரிந்துவிட்டது! இதற்கெல்லாம் காரணம் நீதான் என்கிறார்!

"அத்தை, மேல வாங்க!" என்று அவள் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தைக்கு முழங்கால் வலி. எட்டுப் படியையும் ஒவ்வொன்றாகத்தான் ஏற முடிந்தது. ஆறாவது படியில் அழைப்பு அறுந்தது. கீழே பெண்கள் குலவையிட்டார்கள். பால் பொங்கிவிட்டது. அதையும் அத்தை பார்க்கவில்லை.

ஆர்த்தியின் அறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப முயன்றார்கள். கடைசியில் அப்பாவின் போனில் ஒரு செய்திதான் வந்தது. "கப்பல் கிளம்பிருச்சு. அம்மாவைப் பாக்க முடியல. பரவாயில்லன்னு சொல்லுங்க மாமா."

"நான் வீடியோ எடுத்து வச்சிருக்கேன், அனுப்பிரலாம்," என்றார் அப்பா. அனுப்பினார். அதில் பால் அழகாகத்தான் பொங்கியது. ஆனால் வீடியோவோடு கை பேசுமா?

அப்பாவுக்குக் கோபம் வந்தது. இலையில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜோமோனிடம் போனார். "ஒரு பாயிண்டைச் சரியாப் போட்டிருந்தா, எங்க அக்கா இன்னைக்குப் பெத்த பிள்ளையப் பாத்திருக்கும்!"

ஜோமோன் கையிலிருந்த பாயசம் இலைக்கே திரும்பியது. "தப்பு என் பேருலதான் சேட்டா," என்றார் மெதுவாக.

"இல்லப்பா!" ஆர்த்தி நடுவே ஓடிவந்தாள். "அவர் சரியாத்தான் போட்டாரு. நான்தான் அழிச்சேன். நான்தான் என் ரூம்ல வரைஞ்சேன். அத்தைக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு. என் பேரைச் சொல்லிட்டாங்க."

அம்மா மெல்லச் சொன்னாள்: "அடி பைத்தியக்காரி. மதினி உன் பேரைச் சொல்லல. வட்டம் சுத்துதுன்னு எப்பவும் சொல்ற மாதிரிதானே சொன்னாங்க?"

ஆர்த்தி திகைத்து நின்றாள். அத்தைக்கு ஒன்றும் தெரியாது. உதவிக்குத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவள் ஜோமோனிடம் சாக்பீஸ் வாங்கினாள். அத்தையைக் கீழே அழைத்துப் போனாள். புதுச் சுவரில் ஒரு முக்கோணம் வரைந்தாள். கையால் அழித்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு கைகளையும் கூப்பினாள்.

அத்தை சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. லயத்திலிருந்து கொண்டுவந்த கோழிகளுக்குத் தீனி போடப் போனார். எப்போதும் பேசும் அந்தக் கைகள் அன்று முழுவதும் பேசவில்லை. சாயங்காலம் விளக்கேற்றியபோது ஆர்த்தியால் முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவள் வெளிச்சுவர்களைப் பார்த்தபடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஜோமோனைத் தேடிப் போனாள்.

"ஜோமோன் மாமா, என் மேல கோபமா?"

"கோபம் இல்ல மோளே. எனக்கு மறதி வந்துருச்சோன்னுதான் ஒரு வாரம் பயந்து பேடிச்சேன்," என்று சிரித்தார்.

"மழைத்தண்ணிக் குழாய் என் ஜன்னல்கிட்ட இருந்து அத்தை ஜன்னல் வரைக்கும் போகுதே. அதோட சேத்து ஒயரைக் கட்டி, பெட்டியக் கீழ வைக்க முடியுமா? சுவரை உடைக்க வேண்டாம்ல?"

ஜோமோன் சாக்பீஸைக் காதிலிருந்து எடுத்தார். "முடியும். ஆனா உன் ரூம்ல நெட்டு கிட்டாதே?"

"தெரியும்," என்றாள் ஆர்த்தி.

பெட்டி கீழே போனது. டிவியும் கீழே போனது. ஆர்த்தியின் அறைச் சுவரில் ஒரு வெற்றுப் பாயிண்ட் மட்டும் மிஞ்சியது. தினமும் எழுந்ததும் அதுதான் கண்ணில் பட்டது. நெட்டு வந்துவிட்டது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. காலண்டரில் இரண்டு மாதம் மெதுவாக நகர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் போன் அதிர்ந்தது. ஆர்த்தி ஓடிப்போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

"முதல் பால் ஒரு தடவைதான்டி பொங்கும். இது சாயாப் பால்," என்றாள் அம்மா.

"தெரியும்மா. இருந்தாலும் வைக்கிறேன்."

திரையில் வேல்முருகன் தெளிவாக வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அத்தையின் இரண்டு கைகளும் பறந்தன. அடுப்பைக் காட்டின, ஜன்னலைக் காட்டின, கோழிகளைக் காட்டின. பால் பொங்கியபோது வேல்முருகன் அங்கிருந்தே கைதட்டினான். கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

அப்போது அத்தை கையை வட்டமாகச் சுற்றினார்.

வேல்முருகன் பதறினான். 'அங்க படம் நின்னுபோச்சா? வட்டம் சுத்துதா?' என்று கையாலேயே கேட்டான்.

அத்தை இல்லையென்று தலையசைத்தார். கதவோரம் நின்ற ஆர்த்தியின் கையைப் பிடித்து இழுத்து, தன் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னார்.