சிவப்பு நாடா கட்டிய பின்னல்

தலைநகர் கீத்தோவுக்குப் போனால் கன்னியர் மடத்து மாதாவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று தார்ஹெலியா ஒற்றைக் காலில் நின்றாள். லூஸ்மிலாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. தங்கள் ஊர் லாத்தகுங்காவில் பஸ் ஏறும்போதே, ஓவியங்களைப் பார்ப்போம், பொன்பூசிய கோவிலைப் பார்ப்போம், அந்த மடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஏண்டி, உன் பொண்ணு பிழைச்சதே அந்த மாதாவாலதான். நீ முடி குடுத்த இடத்தை அவ ஞானத்தாய் நான் பாக்க வேண்டாமா?" என்றாள் தார்ஹெலியா.

மேலே பேசினால் விஷயம் வெளியே வந்துவிடும். லூஸ்மிலா மகளின் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள்.

விஷயம் இதுதான். ஏழு வருடத்துக்கு முன்னால், மகள் அரசெலிக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்தால் இடுப்பளவு இருந்த தன் பின்னலை மாதாவுக்குத் தருவதாக லூஸ்மிலா நேர்ந்துகொண்டாள். அந்தச் சிலைக்கு வைப்பதெல்லாம் தாய்மார் நேர்ந்து கொடுத்த நிஜ முடி. பிள்ளையும் பிழைத்தது. ஆனால் கத்தரியோடு கண்ணாடி முன்னால் நின்றபோது அவளுக்கு மனசு வரவில்லை. சந்தையில் அதே நிறத்தில் ஒரு பின்னலை வாங்கி, சிவப்பு நாடா கட்டி, மடத்தில் வைத்துவிட்டு வந்து, ஒரு வருடம் தலையில் துணி கட்டி ஊரை ஏமாற்றினாள். வாங்கின பின்னல் யார் தலையில் வளர்ந்தது என்றுகூடக் கேட்கவில்லை, புண்ணியவதி.

மடத்தின் முன்கட்டு இப்போது அருங்காட்சியகம். மூவரும் உள்ளே நுழைந்ததும் மெழுகு நாற்றமும் அழுகின பூ நாற்றமும் சேர்ந்து வந்தன. கடைசி அறையில் மாதா நின்றிருந்தாள். எதிர்ச்சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்தது. கன்னியர் வெளியாருக்கு முகம் காட்ட மாட்டார்கள். பீப்பாய் மாதிரியான அந்த மரப்பெட்டியில் பொருளை வைத்து "மாசற்ற மரியே வாழ்க" என்றால், உள்ளிருந்து பதில் வரும். பெட்டி சுழன்று பொருளை உள்ளே கொண்டுபோகும்.

"இதுலதானே குடுத்தே?" என்றாள் தார்ஹெலியா.

காவல்காரர் சிரித்தார். "இதுலயா? இதுக்கு அந்தப் பக்கம் செங்கல் வெச்சு அடைச்சு நாப்பது வருஷம் ஆச்சும்மா. சுத்தவே சுத்தாது. நேர்ச்சையெல்லாம் பின்வாசல் பெட்டியில."

லூஸ்மிலா பெட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அவள் வைத்தது இதில்தான். அன்றைக்கு இது சுழன்றது. உள்ளிருந்து ஒரு குரல் பதிலும் சொன்னது.

"ஒரு மணிக்குப் பூட்டிடுவேன். அப்புறம் மூணு மணிக்குத்தான்," என்று சொல்லிவிட்டுக் காவல்காரர் நகர்ந்தார். தார்ஹெலியாவுக்குப் பசி தாங்காது. "நான் போய் சூப்புக் கடையில இடம் பிடிக்கிறேன். மசமசன்னு நிக்காம வந்து சேருங்க," என்று கிளம்பிவிட்டாள்.

லூஸ்மிலா அரசெலியின் கையை விட்டுவிட்டு, மாதாவின் முகத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றாளோ. தூரத்தில் கதவு அறைந்து மூடியது. சாவி திரும்பியது.

ஓடிப்போய்த் தட்டினாள், கத்தினாள். சுவர்கள் ஒரு ஆள் நீளத்துக்குக் கனம். நட்டநடுப் பகலில், தெரு முழுக்க ஜனம் இருந்தும், ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. ஒன்றும் வெளியே போகவும் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். அரசெலி இல்லை.

"அம்மா."

குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது.

"அம்மா, பெட்டிக்குள்ள உக்காந்தேன். சுத்திடுச்சு. இங்க இருட்டா இருக்கு. யாரோ என் தலையைத் தடவுறாங்கம்மா."

லூஸ்மிலா பெட்டியைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அழுதாள், கெஞ்சினாள். கடைசியில் நெற்றியை மரத்தில் வைத்து, "மாசற்ற மரியே வாழ்க," என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள்.

"பாவமின்றி உற்பவித்தவளே," என்றது அதே பழைய குரல். பிறகு மெல்ல, மிக அருகில், "உன்னோடது எங்கே?"

பெட்டி முனகிக்கொண்டே சுழன்றது. உள்ளே துருப்பிடித்த ஒரு கத்தரி இருந்தது.

அவள் யோசிக்கவில்லை. பின்னலைக் கழுத்தருகே வெட்டினாள். மழுங்கின கத்தரி, பாதி அறுந்தது, பாதி பிய்ந்தது. பெட்டியில் வைத்தாள். அது சுழன்று போய், சுழன்று திரும்பியது.

அரசெலி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கம்பளிக் குல்லாயை யாரோ காதுவரை இழுத்து விட்டிருந்தார்கள். லூஸ்மிலா அவளை அள்ளி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மூன்று மணிவரை கதவடியிலேயே கிடந்தாள்.

"முடி எங்கடி? பைத்தியமா உனக்கு?" என்று தார்ஹெலியா வழியெல்லாம் கேட்டாள். லூஸ்மிலா எல்லாவற்றையும் சொன்னாள். தார்ஹெலியா சிலுவை போட்டுக்கொண்டாள். "போகட்டும் விடு. கடன் தீர்ந்துது," என்றாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் லூஸ்மிலாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

"அம்மா, தலை பாரமா இருக்கு," என்றாள் அரசெலி.

பேன் தொல்லைக்காகப் போன வாரம்தான் அவளுக்கு ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். லூஸ்மிலா குல்லாயைக் கழற்றினாள்.

உள்ளே சுருட்டி வைத்திருந்த பின்னல் அவிழ்ந்து மடியில் விழுந்தது. நுனியில் வெளுத்துப்போன சிவப்பு நாடா.

லூஸ்மிலா அதைப் பிடித்து இழுத்தாள்.

"இழுக்காதம்மா, வலிக்குது."

"வீட்டுக்குப் போனதும் வெட்டிடலாம் கண்ணு," என்றாள் லூஸ்மிலா.

"வேண்டாம்மா. வெட்டினா என்னைத் திரும்ப எடுத்துக்குவாங்களாம்."

லாத்தகுங்கா வந்து சேர்வதற்குள் பின்னல் இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தது.