டாக்டரம்மாவுக்குக் கோபம்

காரைக்குடி பேருந்து நிலையத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதுரை பஸ்ஸுக்காகக் கூரையடியில் ஒதுங்கி நின்ற ஆஷ்லின், போனில் கத்தினாள்.

"மறுபடியும் கொரோனா வார்டா? நான் கேன்சர் சர்ஜரி படிக்கத்தான் சேர்ந்தேன் சார்!"

பக்கத்தில் நின்றவன் சட்டென்று திரும்பினான். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... கறுத்து, ஈரமாய், நெருப்பாய்.

"டாக்டரா நீங்க? எங்கம்மாவுக்கு மார்புல கட்டி. மூணு தடவ தேதி குடுத்து மூணு தடவயும் திருப்பி அனுப்பிட்டீக. பயந்துக்கிட்டு வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு இருந்தீகளோ?"

ஆஷ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு பூட்டிக்கிட்டு இருந்தா? ரெண்டு வருஷமா அந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள்ள வெந்துக்கிட்டு ஆக்சிஜன் மாட்டிக்கிட்டு இருந்தேன். கத்தி பிடிக்க வேண்டிய கை இது! அடுத்த வருஷம் படிப்பு முடிஞ்சிரும்... இந்தக் கைய நம்பி உங்கம்மாவ ஒப்படைப்பீகளா? எனக்கே நம்பிக்கை இல்ல!"

குரல் உடைந்தது. அவன் கண்களிலிருந்த நெருப்பு அணைந்தது. ஐயோ... அழ வச்சிட்டோமே!

பஸ் வந்தது. ஏறும்போது ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். அவன் அம்மாவைத் திருப்பி அனுப்பிய அதே ஆஸ்பத்திரி!

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஆஷ்லின்னு கேளுங்க."

திங்கட்கிழமை அவன் அம்மா நாகவல்லி மட்டும்தான் உள்ளே வந்தாள். மகன் முத்துக்கண்ணன், திருப்பத்தூரில் கணக்கு வாத்தியார், வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டான்.

"ரோஷக்காரன் தாயி... பேசின பேச்சுக்கு உள்ள வரக் கூசுறான்."

நிக்கட்டும்! எனக்கும்தான் ரோஷம் இருக்கு... என்று நினைத்துக்கொண்டாள் ஆஷ்லின்.

துறைத் தலைவர் காசிவிஸ்வநாதன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கொரோனா முடியட்டும்மா" என்றார். ஆஷ்லின் பொங்கிவிட்டாள்.

"கட்டி காத்திருக்குமா சார்? கொரோனா வார்டுல பாதிக் கட்டில் காலியாக் கிடக்கு, ஆபரேஷன் தியேட்டர மட்டும் பூட்டி வச்சிருக்கீக! படிக்க வந்த எங்கள இங்குட்டும் அங்குட்டும் மாத்திப் போட்டு என்ன ஆச்சு? என்கூடப் படிக்கிற கிறிஸ்டி தூக்க மாத்திரை போட்டுத்தான் தூங்குறா. நாளைக்கு யாரு சார் இந்த ஊருல கேன்சர் பாக்குறது? ஒண்ணும் கத்துக்காத நாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"தியேட்டரத் திறக்கச் சொல்றேன். நீயே பண்ணு. பக்கத்துல நான் நிக்கிறேன்."

முதல் கீறலுக்குக் கத்தியை வைத்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "ம்... நிதானம்" என்றார் அவர். பிறகு அவள் நிமிரவே இல்லை. கட்டி முழுதாக வெளியே வந்தது.

நாகவல்லி தேறித் தன் ஊரான மானகிரிக்குத் திரும்பினாள். ஆனாலும் வேப்பமரத்தடியில் அவன் வந்து வந்து நின்றான். பொறுக்க முடியாமல் ஒருநாள் ஆஷ்லின் இறங்கிப் போனாள்.

"அம்மாதான் வீட்டுக்குப் போயிட்டாகளே... இன்னும் இங்க என்ன வேல?"

"நீங்க சாப்பிட்டீகளான்னு... கேக்கத்தான்."

எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை ஆத்திரம்!

"சாப்பிடல! கை தட்டுனாக, விளக்கு ஏத்துனாக... பசிக்குதான்னு ஒருத்தர் கேக்கல!"

அவன் அசையாமல் நின்று அவளை அழவிட்டான். பிறகு மெல்லச் சொன்னான்.

"நான் பேசினது தப்பு. ஆனா... நெசத்தச் சொல்லவா? அந்த மழையில நீங்க திட்டுன நிமிஷத்துலயே எனக்கு உங்களப் புடிச்சுப்போச்சு."

"அத இன்னைக்குத்தான் சொல்லுவீகளா?" கண்ணைத் துடைத்தபடியே சீறினாள் ஆஷ்லின். "எனக்கு மட்டும் புடிக்காமயா, தெனமும் ஜன்னல்ல நின்னு இந்த மரத்தடியவே பாத்துக்கிட்டு இருந்தேன்?"