கோபுரத்துக்குள் யாருமில்லை

பெருக்கிக் காலிசெய்திருந்த மரக்குதிருக்குள் யாரோ இருமினார்கள்.

தானியக் கோபுரத்தின் காவல்காரர் வாசில் பலகையில் காதை வைத்தார். கடைசிக் கோதுமை அறுவடை முடிந்த கையோடு லாரியேறிவிட்டது. குதிர்களைக் கூட்டியதும் அவர்தான். இப்போது எலிப்புழுக்கையும் பழைய எண்ணெயும் கலந்த வாடை, பலகை இடுக்குகளில் சமவெளிக் காற்றின் ஊளை, அதற்கும் அடியில் தானியம் மெல்ல மெல்லச் சரிகிற சரசரப்பு.

வெர்னோக் ஊரின் அந்தத் தானியக் கோபுரம் அவர் அப்பா காலத்தது. கட்டிய வருஷம் விளைச்சல் அதன் குதிர்களில் கொள்ளவில்லை. பிறகு மழை பொய்த்தது. வேலை தேடிச் சரக்கு ரயிலில் வந்தவர்கள் குளிருக்கு அதற்குள் ஒதுங்குவார்கள். விடிந்தால் இருக்க மாட்டார்கள். அடுத்த ரயிலைப் பிடித்திருப்பார்கள் என்று ஊர் சொல்லிக்கொண்டது. அப்போது கோபுரத்தைக் கவனித்துவந்த அப்பா, அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார்.

போன வாரம் கோபுரத்தை இடிக்க ஆட்கள் வந்தபோது, இதே இருமலைக் கேட்டுத்தான் வாசில் வேலையை நிறுத்தினார். தீயணைப்புக்காரர்கள் ஏறிப் பார்த்தார்கள். புறாக்கள். அன்றிலிருந்து காபிக்கடையில் அவர் நுழைந்தாலே ஒருவன் தொண்டையைச் செருமுவான், கடையே சிரிக்கும். வீட்டில் மனைவி ஹால்யாவும், "வெளியில தலைகாட்ட முடியல. இனிமே வாயத் திறக்காதீங்க" என்றாள்.

"என்ன பெரியவரே, இன்னிக்கு யாரு இருமுறா?" இடிப்பு மேஸ்திரி டங்கன் வெளியிலிருந்து கத்தினான். பட்டப்பகல். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. சிரிப்பு அலையாக எழுந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம், காதோரமாக ஒரு குரல்.

"ஐயா... மூச்சு முட்டுது."

வாசிலின் முதுகு சில்லிட்டது. ஆனால் முகம் எரிந்தது. வெட்கம். மறுபடியும் அந்தச் சிரிப்பா? குனிந்த தலையோடு வெளியே வந்தார்.

"யாருமில்ல. இழுங்க."

"சத்தியமா?"

"அட, இழுய்யா!" அவரும் சிரித்துவைத்தார்.

இரும்பு வடம் இறுகியது. கோபுரம் முனகியது. சாய்ந்தது.

புழுதி.

புழுதி அடங்கியபோது யாரும் கைதட்டவில்லை. பிளந்த குதிரிலிருந்து கோதுமை வழிந்துகொண்டிருந்தது. காலிக் குதிர். வழிந்தது. நிற்கவே இல்லை.

ஹால்யா அவரிடமிருந்து விலகி நின்றாள். "யாருமில்லன்னு சொன்னீங்களே."

அவரால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. குவியலைப் பார்த்தார்.

அது அசைந்தது.

ஒரு கை. காய்ந்து சுருங்கிய கை. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் குவியல் முழுக்க, பயிர் முளைத்ததுபோல் கைகள். காற்றைத் துழாவின. நின்றன.

பிறகு எல்லா விரல்களும் மெல்ல வாசில் பக்கம் திரும்பின.