மூன்றில் நின்ற முள்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக வெண்டெல் ரேடியோ கடைக்குள் நுழைந்தபோது, கதவு மணி ஓய்வதற்குள் கடைக்காரன் மெர்ல் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"வாப்பா. இதுவும் சரிப்படலையா?"

வெண்டெல் கையிலிருந்த ஆண்டெனாவை மேசைமேல் வைத்தான். காரிலிருந்து மற்றவர்களோடு பேசும் ரேடியோவுக்கானது; டிக்கியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் ஒரு முழக் கம்பி. அதற்கு முன்பு வாங்கியது பம்பருக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் வகை. இரண்டும் வெளியில் தெரியாது. ஆனால் இரண்டும் வேலைக்கு ஆகவில்லை.

"மீட்டர் மூணுலயே நிக்குது, மெர்ல். எவ்வளவு சரி பண்ணியும் எறங்க மாட்டேங்குது."

"ஒண்ணரைக்குக் கீழ வரணுமேப்பா. மூணுல பேசினா பேசுறது வெளிய போகாது, உன்கிட்டயே திரும்பி வரும். கதவெல்லாம் சாத்திட்டுத்தானே பாத்த?"

"சாத்திட்டேன்."

"பக்கத்துல யாராவது நின்னாங்களா? ஆண்டெனாகிட்ட மனுச உடம்பு இருந்தா முள்ளு எகிறிடும்."

"யாரும் நிக்கல. பதினஞ்சு வருசமா இந்த ரேடியோவக் கட்டிக்கிட்டு அழுறேன், எனக்குத் தெரியாதா?"

"கோவப்படாத. பேசாம பழைய ஆறடிக் கம்பியவே மாட்டிடு."

"ஆர்டித் விடமாட்டா."

வெண்டெலின் மனைவி ஆர்டித் பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே நிறுத்தியிருந்த அவள் காரில் உயரமான கம்பியைப் பார்த்துவிட்டு, உள்ளே ரேடியோ இருக்கிறது என்று திருடர்கள் இரண்டு முறை கண்ணாடியை உடைத்தார்கள். மூன்றாவது முறை உடைந்தால் ரேடியோவும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"அப்போ எல்லாரும் பண்ற மாதிரி, நிறுத்துறப்பல்லாம் கழட்டி டிக்கிக்குள்ள..."

மெர்ல் பாதியில் நிறுத்தினான். வெளியே தானியக் கிடங்கின் தகரக் கூரையில் காற்று உரசிப் போனது.

இருவருக்கும் அதே ஊர்க்காரன் ஓரினின் நினைவு வந்துவிட்டது. ஓரின் அப்படித்தான் கழற்றி டிக்கிக்குள் வைப்பான். போன ஜனவரிப் பனிப்புயலில் அவன் கார், வயல்களுக்கு நடுவே போகும் கவுண்டி சாலையில் புதைந்தது. டிக்கியின் பூட்டு உறைந்து திறக்கவில்லை. மூன்றாம் நாள் பனியைத் தோண்டியபோது அவன் முன் இருக்கையில் இருந்தான். கையில் மைக்கைப் பிடித்தபடி.

"பாவம்" என்றான் மெர்ல். "ஆண்டெனா இல்லாம அவன் கூப்பிட்டது கால் மைல்கூடப் போயிருக்காது. யாருக்குக் கேட்டிருக்கும்?"

வெண்டெல் தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் புதைந்த இடத்திலிருந்து கால் மைலுக்குள் இருப்பது வெண்டெலின் வீடு ஒன்றுதான்.

மெர்ல் மூன்றாவது ஆண்டெனாவை எடுத்துக் கொடுத்தான். பாட்டுக் கேட்கும் சாதாரண ரேடியோவின் கம்பி போலவே இருந்தது. "இதப் பாத்து எந்தத் திருடனுக்கும் சந்தேகம் வராது. இதுவும் சரியில்லன்னா ஆண்டெனாமேல தப்பு இல்ல."

வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, முன்பக்கத் தகட்டில் கம்பியை மாட்டி முடித்தபோது மணி இரண்டே முக்கால். ஆர்டித் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி சத்தமில்லாமல் விழத் தொடங்கியிருந்தது. இருபுறமும் அறுத்த சோளக் காடு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லை.

உள்ளே உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். மைக்கின் பொத்தானை அழுத்தி மீட்டரைப் பார்த்தான்.

மூன்று.

இறங்கிக் கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினான். மூன்று. கொஞ்சம் வெளியே இழுத்தான். மூன்று. காரைச் சோளக் காட்டின் ஓரம்வரை ஓட்டிப் போய்ப் பார்த்தான். மூன்று. விரல்கள் மரத்துவிட்டன. ஸ்டியரிங்கைக் கைமுட்டியால் ஓங்கிக் குத்தினான். பனியில் ரேடியோ இல்லாமல் அவளை அனுப்ப முடியாது. அவளிடம் அதற்குக் காரணம் சொல்லவும் முடியாது.

முற்றத்துக்குத் திரும்பியபோது ஆர்டித் கோட்டைப் போட்டபடி வாசலுக்கு வந்திருந்தாள்.

"கார என்ன பண்ற? அடிச்சாப் பேசிடுமா?"

"கொஞ்சம் கார் பக்கத்துல வந்து நில்லு. அப்புறம் திரும்பிப் போ. ஒண்ணு பாக்கணும்."

"இந்தக் குளிர்ல விளையாட்டா? நல்லா இருக்கு போ."

முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் அருகில் வர வர முள் மெல்ல மூன்றைத் தாண்டியது. அவள் விலகிப் போகப் போக அதே நிதானத்துடன் இறங்கி, மூன்றில் நின்றது.

ஒரு உடம்பு வந்தால் முள் எப்படி ஏறுமென்று இப்போது தெரிந்துவிட்டது.

"ஃபிளாஸ்க்ல காபி ஊத்திட்டு வரேன். அதுக்குள்ள முடி" என்று ஆர்டித் உள்ளே போனாள்.

அவன் மறுபடி மைக்கை அழுத்தினான். முள் மூன்றிலிருந்து இறங்கியது. இரண்டரை. இரண்டு. ஒன்று புள்ளி இரண்டு. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பிறகு அது ஏறியது. ஒரேயடியாக அல்ல. கொஞ்சம் ஏறி நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறி நின்றது.

நடப்பதுபோல.

யாரோ காரை நோக்கி.

வெண்டெல் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பனி விழுவதைத் தவிர எதுவுமில்லை. தரையில் ஆர்டித்தின் காலடிகள் மட்டும். தலையைத் திருப்பினான். டிக்கிமேல் வெள்ளைத் துணி போலப் பனி படிந்திருந்தது. பூட்டைச் சுற்றி மட்டும் ஒரு கையளவு இடத்தில் பனி துடைக்கப்பட்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் விழுந்த பனித் துகள்கள் ஓரமாக ஒதுங்கின.

மைக்கின் பொத்தானை விட்டான்.

ரேடியோ இரைந்தது. இரைச்சலுக்கு அடியில் ஒரு மெல்லிய குரல்.

"யாராவது கேக்குறீங்களா? ஒரு தடவ பதில் சொல்லுங்க."

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். ஜனவரியில், புயலின் முதல் நாள் மத்தியானம், வீட்டுச் சமையலறையில் இருக்கும் இன்னொரு ரேடியோவில் இதே குரல், இதே வார்த்தைகள். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் அன்று முழுவதும் பிள்ளைகள் ரேடியோவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இதுவும் அப்படித்தான் என்று எரிச்சலோடு, இரைச்சலை அடக்கும் குமிழை முழுவதும் திருகினான். அந்தக் குமிழ் இரைச்சலோடு சேர்த்து மெலிந்த குரல்களையும் வெட்டிவிடும். வீடு அமைதியானது. அவன் சூப் குடித்தான்.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"யாராவது கேக்குறீங்களா?"

சமையலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் வந்துவிடுவாள். இந்த முள்ளோடு அவள் பனிக்குள் போவாள்.

மைக்கை அழுத்தினான்.

"கேக்குது" என்றான் கிசுகிசுப்பாக. "நல்லா கேக்குது."

பிறகு, நிம்மதியடைந்தவனைப் போல அந்தக் குரல் கேட்டது.

"எங்கேருந்து பேசுறீங்க?"

ரேடியோவில் பதில் சொல்கிறவன் இடத்தையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடமாகச் சமையலறையிலிருந்து அப்படிச் சொல்லிப் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"கவுண்டி சாலைக்கு மேற்கால, பழுப்பு வீடு. அதுல சமையல்கட்டு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மைக்கை அவன் இன்னும் விடவில்லை. முள் இறங்கியது. ஒன்று புள்ளி ஒன்று. அங்கேயே அசையாமல் நின்றது.

ஆர்டித் கண்ணாடியைத் தட்டினாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு" என்றான். "போய்ச் சேந்ததும் கூப்பிடு. மறக்காத."

"சாமி, கூப்பிடுறேன். எறங்கு மொதல்ல."

கார் வளைவில் மறைந்தது. அது நின்ற இடம் கறுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது. அதன் பின்புற ஓரத்திலிருந்து புதிதாக ஒரு வரிசைக் காலடிகள் புறப்பட்டு, பின்வாசலுக்குப் போயிருந்தன. திரும்பி வந்தவை இல்லை.

வெண்டெல் வெகுநேரம் முற்றத்திலேயே நின்றான். ஆனால் ஆர்டித் கூப்பிடுவாள். ரேடியோ இருப்பது சமையலறையில்.

உள்ளே போனான். யாருமில்லை. நாற்காலி ரேடியோவுக்கு முன்னால் இருந்தது; உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் அறை முழுவதும் திறந்து கிடக்கும். உட்கார்ந்தான். குமிழை முழுவதும் திறந்து வைத்தான். இரைச்சல் அறையை நிறைத்தது. அதை அடக்க இன்று அவனால் முடியாது.

நான்கரைக்கு அவள் குரல் வந்தது.

"வந்து சேந்துட்டேன். ஒரே பனி. வண்டி நல்லாத்தான் வந்துச்சு."

அவன் மைக்கைப் பாய்ந்து அழுத்தினான். "நல்லது ஆர்டித், உள்ள போ."

"வெண்டெல்? கேக்குதா?"

"கேக்குது! நல்லா கேக்குது!"

"வெண்டெல், விளையாடாத. பேசாம இருந்தா பயமா இருக்கு. ஒரு தடவ பதில் சொல்லு."

அவன் கத்தினான். கத்தும்போதுதான் வீட்டு ரேடியோவின் முகப்பிலிருந்த மீட்டரைப் பார்த்தான். கூரைமேல் முப்பதடிக் கம்பத்தில் இருக்கும் ஆண்டெனா அது. அதன் பக்கத்தில் யாராலும் நிற்க முடியாது.

முள் மூன்றில் நின்றது.

"யாராவது கேக்குறீங்களா?" என்றாள் ஆர்டித், அழுகை கலந்த குரலில்.

அவன் நாற்காலிக்குப் பின்னால், தரையில், பனி உருகிச் சொட்டியது.