காணாமல் போன கல்லாமேசை

திங்கட்கிழமை காலை ஏழு மணி. பூட்டைத் திறந்து இரும்புக் கதவை மேலே தள்ளிய பெரியவர், கடைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சில்லறை டப்பா தரையில் பத்திரமாக இருந்தது. தராசும் மிட்டாய் ஜாடிகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. கல்லாமேசையை மட்டும் காணவில்லை.

கைக்கு அடக்கமாகத் தூக்கிப் போகிற மேசையும் இல்லை அது. ‘ட’ எழுத்தைப் போல வளைந்த, ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கான மேசை. தெருவோரம் ஒரு குடையின் கீழ் ஊசி நூல் விற்றுக்கொண்டிருந்த அவருடைய அப்பா, இந்த அறை வாடகைக்குக் கிடைத்ததும் முதலில் செய்தது அந்த மேசையைத்தான். தச்சரை அறைக்குள்ளேயே உட்காரவைத்துச் செய்தார். எப்படித் திருப்பினாலும் அது வாசலில் இடிக்கும்.

அப்பா இறந்தபோது பெரியவரும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேசைக்குப் பின்னால் நின்று இருவரையும் ஆளாக்கியது அக்கா. பெரியவர் தலையெடுத்த பிறகு, அவள் தான் விரும்பிய ஒரு வேன் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. அன்று நிறுத்திய பேச்சு நிறுத்தியதுதான். இத்தனைக்கும் அவள் இருப்பது இதே ஊரில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

இப்போது கடையை மாற்றப் போகிறார் பெரியவர். வருகிறவர்களே உள்ளே நடந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும் கடை. அதற்கு மேசை இடைஞ்சல். வெளியே எடுக்க வழியில்லாததால் அறுத்துப் போடுவது என்று முடிவானது. ஊருக்கே தெரிந்த விஷயம். இன்று பத்து மணிக்குத் தச்சர் ரம்பத்தோடு வருவதாக இருந்தது.

“என்ன, வாசல்லயே நிக்கறீங்க?”

இன்ஸ்பெக்டரம்மா. இந்த ஊரில் பிறந்து, ஊர் ஊராகப் போலீஸ் வேலை பார்த்து, ஓய்வுபெற்றுத் திரும்பியவர். சின்ன வயதில் பழகிய கடை என்பதால் கை இன்னும் பழைய இடத்துக்கே போகும். ஒவ்வொரு தடவையும் தம்பி சின்னவர், “அங்க இல்லம்மா, இப்ப இந்தப் பக்கம்” என்று சொல்லவேண்டியிருந்தது. சுவர் அலமாரிகளை எல்லாம் மாற்றி அடுக்கியவர் அவர்தான்.

பெரியவர் விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா உள்ளே நுழைந்தார். மேசை இருந்த இடத்தில் தரை வெளுத்துக் கிடந்தது. நன்றாகப் பெருக்கியிருந்தார்கள். மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு மரமுளை, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போய். எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகிறபோக்கில் இடதுபக்கக் கீழ்த்தட்டில் கைவிட்டு, வாங்க வந்த மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டார்.

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

“சனிக்கிழமை பூட்டும்போது. நேத்து லீவு. புது ரேக் பாக்கறதுக்காக வெளியூர் போயிருந்தேன்.”

“சாவி?”

“என்கிட்ட ஒண்ணு. தம்பிகிட்ட ஒண்ணு.”

“பூட்டு எப்ப வாங்கினது?”

“அப்பா வாங்கினது. இன்னும் கல்லு மாதிரி இருக்கு.”

எதிர்க்கடை முடிவெட்டுபவர், ஒருவர் கன்னத்தில் சோப்பைக் குழைத்துக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுத்தார்.

“கடைக்காரங்களைத் தவிர ஒரு ஈ காக்கா உள்ள போகலைம்மா. நேத்து மத்தியானம் பலகையெல்லாம் வண்டியில ஏத்துனாங்க. அதான் கடையை மாத்தறாங்களே!”

இன்ஸ்பெக்டரம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பெரியவரின் முகம் சிவந்துவிட்டது.

“கடைக்காரங்கன்னா நானும் அவனும்தான். நான் ஊர்லயே இல்ல. அறுக்கக் கூடாதுன்னு ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருந்தான். செஞ்சிட்டான்.”

சின்னவர் வந்து சேர்ந்ததும் பேச்சு தடித்தது.

“நான் எடுக்கலை, அண்ணா.”

“வேற யாருகிட்டடா சாவி இருக்கு? இப்படி முதுகுக்குப் பின்னால பண்றதுக்குப் பதிலா பாகத்தைப் பிரிச்சுக் குடுன்னு கேட்டிருக்கலாம்.”

“பிரிச்சுக்கறதுன்னா பிரிச்சுக்கலாம். திருடன்னு மட்டும் சொல்லாத.”

இருவரும் அதற்கு மேல் பேசவில்லை. அந்த மௌனம்தான் இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கவலை தந்தது. கத்துகிறவர்கள் ராசியாகிவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

“சின்னவரே, ஒரு மெழுகுவத்தி குடுங்க.”

“இப்பவாம்மா?”

“இப்பத்தான்.”

சின்னவர் திரும்பிப் பார்க்காமல் வலதுபக்க அலமாரிக்குப் போய், மேல்தட்டில் கையை விட்டார். கையில் வந்தது துணி சோப்பு. குழம்பிப்போய் அடுத்த தட்டைத் தடவினார். பினாயில்.

“யாரு இதையெல்லாம் மாத்தி வெச்சது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “மேசையோட ஒரு முனை சுவர் அலமாரிக்குள்ள சொருகியிருக்கும். சாமானை இறக்காம அதை அசைக்க முடியாது. எடுத்தவங்க எல்லாத்தையும் இறக்கி, திரும்ப அடுக்கிட்டுப் போயிருக்காங்க. நீங்க அடுக்கியிருந்தா உங்க முறையில அடுக்கியிருப்பீங்க. ஆனா நான் வந்தப்ப, யாரும் சொல்லாமயே மெழுகுவத்தி என் கைக்கு வந்துச்சு. பழைய இடத்துல இருந்துச்சு. அந்த நேரம் எனக்கே அது உறைக்கலை.”

பெரியவர் அலமாரிகளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த காலத்தில் இருந்த அதே வரிசை.

“சரி, வாசல் வழியா எப்படிப் போச்சு?”

“அறுத்திருந்தா மரத்தூள் இருக்கணும். ஒரு பொட்டுகூட இல்ல.” மரமுளையை நீட்டினார். “ஆணி இல்லாம முளை வெச்சுப் பூட்டின மேசை. முளையைத் தட்டி எடுத்தா பலகை பலகையா கழண்டு வரும். அதைச் செய்யும்போது நீங்க எவ்வளவு பெரிய ஆளு?”

“தவழ்ந்துட்டிருந்தேனாம். தம்பி பொறக்கவே இல்ல.”

“அப்ப பக்கத்துல நின்னு முளை எடுத்துக் குடுத்தது யாரு?”

பெரியவர் மரமுளையை வாங்கிப் பார்த்தார். சின்னவர்தான் மெதுவாக, “அக்கா,” என்றார்.

“கடையை நடத்தினவங்க. பூட்டு அன்னிக்கு இருந்த அதே பூட்டு. அவங்க சாவியை யாரும் திருப்பி வாங்கலை. வீட்டுக்காரர்கிட்ட வேன் இருக்கு.”

இன்ஸ்பெக்டரம்மா தெருவைக் கடந்து, முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். முடிவெட்டுபவர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“அந்தம்மாவும் வீட்டுக்காரரும்தான் ஏத்துனாங்க. சண்டை அவங்க வீட்டுக்குள்ள. எனக்கு அவங்க கடைக்காரம்மாதானே?”

மூவரும் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார்கள். வழியில் பெரியவர் இரண்டு தடவை நின்றார். இரண்டு தடவையும் தம்பி அவருக்காகக் காத்து நின்றார்.

அக்கா வீட்டு முன்கூடத்தில் மேசை முழுதாகப் பூட்டப்பட்டு நின்றது. கூடத்தில் வேறு எதற்கும் இடமில்லை. அவளுடைய வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தாள்.

“நீ அறுக்கப் போறேன்னு சொன்னாங்க,” என்றாள்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, அக்கா,” என்றார் பெரியவர்.

“நீ பேசியிருந்தா கேட்டிருப்பேன்.”

பெரியவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசியில், “கழட்ட முடியும்னு எனக்குத் தெரியாது,” என்றார்.

“நீதான் எதையுமே என்கிட்ட கேட்டுக்கலையே.” அவள் குரலில் கோபம் இல்லை. “நீள முனையைக் கழட்டிட்டா குட்டை முனை தனியா நிக்கும். உன் புதுக் கடைக்கு அது போதும். மிச்சம் இங்க இருக்கட்டும்.”

“மேசை பாதி அங்க, பாதி இங்கன்னா, நீ எங்க நிப்ப?”

அக்கா தலைநிமிர்ந்து பார்த்தாள்.

“காலையில வந்து நில்லு,” என்றார் பெரியவர். “எனக்கும் கணக்கு முன்ன மாதிரி ஓடலை.”

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வர்றேன். ஆனா சாமான் அடுக்கறது நான்தான். சோப்பு பக்கத்துல மெழுகுவத்தியை வெச்சிருக்கான். எவனாவது வெப்பானா?”

“அது மட்டும் நடக்காது,” என்றார் சின்னவர்.

“ஏன் நடக்காது?”

“மேல்தட்டுல வெச்சாத்தான் எலி கடிக்காது.”

“எலிக்கு ஏறத் தெரியாதா?”

பெரியவர் தம்பி பக்கம் பேசினார். உடனே அக்கா இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று குரல்களும் தெருவுக்குக் கேட்டன. வீட்டுக்காரர், விலக்கிவிடச் சொல்லி இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கண்ஜாடை காட்டினார்.

இன்ஸ்பெக்டரம்மா அதைக் கவனிக்காதது போல ஒரு நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தனக்கும் ஒரு காப்பி வேண்டும் என்றார்.